அண்ணி பதில் எழுதுவார்

இருபதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் என் அண்ணியை வாய்க்கு வந்தபடி திட்டியவன் நான்தான். பாதியில் தெரிந்து நீங்கள் என்னைத் திட்டுவதைவிட, இப்போதே திட்டிவிட்டு மேலே படிப்பது நல்லது.

அண்ணி ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவர். காலை ஏழு மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் மதியம் மூன்று மணிக்குள் எண்பது, தொண்ணூறு கைகள் அவர் முன்னால் நீளும். முகங்களைவிடக் கைகள்தான் அவருக்கு நினைவிருக்கும். தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் முழங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் "ஓ, நீங்களா!" என்பார். நரம்பு அகப்படாத கைகளை மற்ற மேசைக்காரர்கள் அவரிடம் தள்ளிவிடுவார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, இரண்டு விரலால் தட்டி, கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார். முதல் குத்தில் ரத்தம் வராவிட்டால் "தப்பு என்னோடதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த குத்து. மற்றவர்கள் எல்லாம் "உங்க நரம்பு சரியில்ல" என்பார்கள். பதினான்கு வருஷத்தில் அண்ணி ஒருவர் நரம்பையும் குறை சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷி, மூன்று மணிக்குக் கையுறையை உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தால் ஆளே மாறிவிடுவார். எங்கள் ஊருக்கென்று இணையத்தில் இருபதாயிரம் பேர் கொண்ட ஒரு விவாதக் குழு இருக்கிறது. அண்ணி அதில் சொந்தப் பெயரில்தான் எழுதுவார். தூக்குத் தண்டனை, கருக்கலைப்பு, பள்ளிக்கூடத்தில் எந்த மொழி, யாருக்கு ஓட்டு என்று அங்கே அடித்துக்கொள்ளாத விஷயம் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அண்ணி மட்டும் எதிராளி எழுதியதை இரண்டு முறை படிப்பார். பிறகு, "நீங்கள் சொல்ல வருவது இதுதானே?" என்று அந்த ஆளின் கட்சியைத் தன் சொற்களில் எழுதிக் கேட்பார். ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் வாதமே தொடங்கும். அவர் எழுதிக் காட்டிய பிறகுதான் தாங்கள் என்ன சொல்ல வந்தோம் என்பதே பல பேருக்கு விளங்கியது. அதில் நானும் ஒருவன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அண்ணன் குடும்பம் கீழே, நான் மாடியில். மூன்று வேளையும் சாப்பாடு கீழே. வீட்டில் அண்ணி எதைப் பற்றிப் பேசினாலும் "சரிங்க அண்ணி" என்று எழுந்துவிடுவேன். அந்தச் 'சரி'களெல்லாம் உள்ளே சேர்ந்து சேர்ந்து ஒருநாள் புளித்துப் பொங்கின. குழுவில் ஒரு பொய்ப் பெயரில் நுழைந்தேன். 'நடுநிலையாளன்' என்று வைத்துக்கொண்டேன். தன்னை அப்படி அழைத்துக்கொள்கிறவன் எந்தப் பக்கத்து ஆள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அந்தச் சமயம் ஊரை இரண்டாக்கிய விஷயம், எங்கள் தெருமுனையில் மூடிக் கிடந்த பள்ளிக்கூடக் கட்டடம். மேம்பாலம் கட்ட வெளியூரிலிருந்து வந்த நாற்பது குடும்பங்கள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தன. அவர்களை அங்கே குடிவைக்கலாமா, கூடாதா? அண்ணி வைக்கலாம் என்றார். நான் கூடவே கூடாது என்றேன். சாயங்காலங்களில் நான் மாடியில் தட்டுவேன். கீழே அண்ணியின் போன் 'டிங்' என்னும். அவர் பதில் எழுதுவார், மேலே என் போன் 'டிங்' என்னும். இரண்டுக்கும் நடுவில் அண்ணன் சோபாவில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள், "நாற்பது குடும்பம் சரி, அதற்க்கு இருப்பது இரண்டே கழிப்பறை, நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?" என்று எழுதினேன். மறுநாள் அண்ணி அந்தக் கட்டடத்துக்கே போய்விட்டு வந்து எழுதினார்: "நடுநிலையாளன் சொன்னது சரி. இரண்டுதான். ஒன்றுக்குக் கதவு இல்லை. இதை நான் யோசிக்கவே இல்லை, தவறு என்னுடையது. எட்டுக் கழிப்பறை கட்டாமல் ஒரு குடும்பத்தையும் உள்ளே அனுப்பக் கூடாது." படித்துவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். என் முப்பத்தாறு வயதுக்குள் நான் சொன்னதைக் கேட்டு ஒரு மனிதர் தன் கருத்தை மாற்றிக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் கட்சிக்காரர்களுக்குத்தான் வயிறு எரிந்தது. "அவங்களுக்கு நீயே வழி காட்டிக் குடுத்துட்ட", "துரோகி", "உள்ளடி வேலை" என்று என்மேல் பாய்ந்தார்கள். என் சூடு என்னவென்று அவர்களுக்குக் காட்டவேண்டியிருந்தது. பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எழுதும்போது அப்படி ஒன்று இல்லாமல் போயிற்று. ஒரே மூச்சில் அடித்து அனுப்பினேன்: "நாங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நீ பிழைக்க வந்தவள். நீ யார் எங்களுக்குச் சொல்ல? உன்னிடம் கை நீட்டுகிற எங்கள் ஆட்களை எப்படிக் குத்துகிறாயோ, யார் கண்டது?"

அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது பதினாறு வருஷம்.

அதற்கு மட்டும் அவர் பதில் எழுதவில்லை. ஆனால் ஊர் எழுதியது. இரண்டே நாளில் என் வரிக்குக் கை, கால், மூக்கு எல்லாம் முளைத்துவிட்டது. நடுநிலையாளன் ஒரு நோயாளி என்றார்கள். அவன் கருத்து பிடிக்காததால் அண்ணி வேண்டுமென்றே ஐந்து இடத்தில் குத்திவிட்டார் என்றார்கள். முந்நூறு பேர் கையெழுத்தோடு ஆஸ்பத்திரிக்குப் புகார் போயிற்று. அண்ணியை மேசையிலிருந்து எழுப்பி, பின்னறையில் டியூப்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையில் உட்காரவைத்தார்கள். வியாழக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும்.

அண்ணன் சோற்றில் கைவைத்தபடியே கத்தினார். "அந்த நடுநிலை நாய் மட்டும் என் கைல கிடைக்கட்டும், விரலை ஒடிச்சு அடுப்புல போடறேன்!"

நான் என் விரல்களைச் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டேன்.

அண்ணி, "ஆள் யாரா இருந்தா நமக்கென்ன? நீங்க சாப்பிடுங்க" என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

வியாழக்கிழமை காலை அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சமையலறை வாசலில் போய் நின்றேன். "அண்ணி, அந்த நடுநிலையாளன்..."

"தெரியும் தம்பி."

"எப்போலேர்ந்து?"

"மூணாவது நாள்லேர்ந்து. 'அதற்கு'ல ஒரு 'க்' கூடப் போடற ஆள் இந்த வீட்ல ஒருத்தன்தான். தண்ணி கேன்காரருக்கு நீ எழுதி ஒட்டற சீட்டெல்லாம் நான்தானே படிக்கறேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"வீட்ல நீ வாயே திறக்க மாட்ட. அங்கயாவது பேசறியேன்னு இருந்தது. நல்லாவும் பேசின. கழிப்பறை விஷயம் எனக்குத் தோணவே இல்லையே." அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "விசாரணைக்கெல்லாம் நீ வராத. வந்தா அண்ணனுக்குத் தெரிஞ்சிடும். ரெண்டு பேரும் மூஞ்சியில முழிக்காம போயிடுவீங்க. நான் பாத்துக்கறேன்."

என் பெயரைச் சொன்னால் அந்த நிமிடமே வழக்கு தள்ளுபடி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினான்கு வருஷ வேலையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டைக் காப்பாற்ற மறு கையை நீட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடிக்கு ஓடிவிட்டேன்.

பத்து மணி வகுப்புக்கு வந்த பெண்ணை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரணை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நிர்வாக டாக்டரம்மாவும் இரண்டு அதிகாரிகளும். எதிரே அண்ணி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அங்கேயும் அதே வழக்கம்தான்.

"இந்தப் புகார் குடுத்தவங்க பயம் இதுதானே மேடம்? ஊசிக்குக் கை நீட்டறவங்க என்னோட கருத்தை நினைச்சுப் பயந்துடக்கூடாது. அது நியாயமான பயம்தான். என்கிட்ட வர விருப்பமில்லாதவங்க வேற மேசைக்குப் போகலாம்னு ஒரு போர்டு வைங்க. நானே எழுதித் தரேன்."

டாக்டரம்மா ஒரு தாளை நகர்த்தினார். "பெரிய பிரச்சினையா ஆக்க வேணாம்னு பாக்கறேன். இனிமே பொது விவாதங்கள்ல கலந்துக்க மாட்டேன்னு இதுல கையெழுத்துப் போடுங்க. இன்னிக்கே உங்க மேசைக்குப் போயிடலாம்."

அண்ணி அதை இரண்டு முறை படித்தார். "'வேலை நேரத்தில்'னு ஒரு வார்த்தை சேத்துடுங்க மேடம், இப்பவே போடறேன். எப்பவுமே பேச மாட்டேன்னா, அது முடியாதுங்க."

"வேலை போனாலுமா?"

"போனா அழுவேன். ரொம்ப நாள் அழுவேன். ஆனா இதுல போட மாட்டேன்."

அதற்கு மேல் கதவுக்கு வெளியே நிற்க என்னால் முடியவில்லை. உள்ளே போய், "நடுநிலையாளன் நான்தான் மேடம்" என்றேன். போனைத் திறந்து கணக்கைக் காட்டினேன். "இவங்ககிட்ட நான் ஒரு தடவைகூட ரத்தம் குடுத்ததில்ல. யாரும் என்னைக் குத்தல. கோவத்துல எழுதினேன். இவங்க என் அண்ணி."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே வீடா?"

"நான் மாடியில மேடம்."

அதிகாரிகளில் ஒருவர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நடந்ததை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். புகார் அன்றே மூடப்பட்டது. தாளில் 'வேலை நேரத்தில்' என்று சேர்த்தார்கள், அண்ணி கையெழுத்துப் போட்டார். அன்று மாலை குழுவிலும் என் சொந்தப் பெயரில் எல்லாவற்றையும் எழுதினேன். அண்ணன் என் விரலை ஒடிக்கவில்லை. நான்கு மாதம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

விசாரணை முடிந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. "என்மேல கோவமா அண்ணி?" என்று கேட்டேன்.

"பிழைக்க வந்தவள்னு எழுதின. நிஜம்தான், பிழைக்கத்தான் வந்தேன். ஊசி விஷயம் கோவத்துல வந்தது, அதுவும் போகட்டும்." அண்ணி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். "'நாங்கள்'னு ஆரம்பிச்ச பாரு. அதைப் படிச்சிட்டு அன்னிக்கு உனக்குப் பரிமாறும்போது எனக்குக் கை நடுங்கிச்சு. எத்தனையோ பேரைக் குத்தியிருக்கேன், ஒரு நாளும் நடுங்கினதில்ல. 'நாம'ன்னு போட்டே என்னைத் திட்டியிருக்கலாமே தம்பி?"

இப்போது நான் சொந்தப் பெயரில்தான் எழுதுகிறேன். அந்தக் கட்டடத்தைக் கொடுக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். அண்ணி ஏழு காரணம் காட்டி மறுத்தார், ஏழுக்கும் பதில் எழுதிவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் அவர் கேட்டதற்கு மட்டும் இன்னும் எழுதவில்லை.