மருந்து போட்ட வெண்டை விதை

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அந்த விதைக் கடைக்காரர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். வாங்க வந்தவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். திமிர் பிடித்த மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன்.

மொட்டைமாடித் தொட்டிகளுக்குக் கத்திரி, சாமந்தி விதைகள் வாங்கிவிட்டு வெண்டை கேட்டேன். ரோஸ் நிற விதைகளை என் உள்ளங்கையில் கொட்டி, "மருந்து போட்டதும்மா" என்றார்.

நன்றாகக் காய்ந்த விதையா என்று கடித்துப் பார்ப்பது என் பழக்கம். ஒன்றை வாய்க்குக் கொண்டுபோனேன். பளீரென்று கையில் ஓர் அடி விழுந்தது. விதைகள் தெருவில் சிதறின.

"துப்பு! வாய்ல போட்டியா? நாக்கக் காட்டு!"

"போடலைங்க!"

அவர் நம்பவில்லை. சொம்புத் தண்ணீரை நீட்டி, நான் மூன்று முறை கொப்பளித்த பிறகுதான் விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மருந்துன்னுதானே சொன்னீங்க?"

"இன்னா மருந்துன்னு நெனச்சே? இருமலுக்குக் குடிக்கிறதா? பூச்சிக்குப் போடுற வெசம்மா அது!"

வேறு பொட்டலம் கட்டினார். நூலைச் சுற்றும்போதும் அவர் கண் என் கையை விட்டு அகலவில்லை.

எனக்கு முன்னால் அந்தக் கடையில் வாயில் போட்டது யார் என்று கேட்க நா எழவில்லை.