கழிப்பறை வழியாகப் பேத்தி வீட்டுக்கு

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. ஆனால் நடுவழியில் இறங்க நேரமில்லாத வேலை. தண்ணீரே குடிக்காமல், வந்ததை அடக்கிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். அதற்கெல்லாம் சேர்த்து உடம்பு இப்போது பழி வாங்குகிறது. அடிக்கொருதரம் கழிப்பறைக்கு ஓட வேண்டும். அதனால் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று சோபாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டார்.

ஊரின் மறுகோடியில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாத்தா போனில்தான் கொஞ்சினார். "பஸ்ல போறப்ப வந்துட்டா மானம் போயிடும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அப்ப அவளே நடந்து வந்து தாத்தாவப் பாக்கட்டும், நீங்க அசையாதீங்க" என்று நானும் விடமாட்டேன். ஆனால் போனை வைத்தபின் அவர் முகம் வாடுவதை என்னால் தாங்க முடியாது.

ஒரு காலையில், "ஏய், இங்க வா!" என்று கத்தினார். என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடினேன். நகராட்சியின் இணையதளத்தைத் திறந்து வைத்திருந்தார். குடிநீர்க் குழாய்களும் பொதுக் கழிப்பறைகளும் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

"இத்தனை வருஷம் இதுங்க பக்கத்துலயேதான் ஓட்டிட்டுப் போயிருக்கேன். ஒண்ணாவது கண்ணுல பட்டுச்சா பாரு!"

அவ்வளவுதான், மனுஷனுக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. சாலையைப் பார்த்து வழி போடவில்லை, புள்ளியைப் பார்த்துப் போட்டார். நேராகப் போனால் ஒரே பஸ். இவர் வழியிலோ ஊரையே சுற்றி, மாறி மாறி ஏறி இறங்க வேண்டும்.

"நாம பேத்தியப் பாக்கப் போறமா, கழிப்பறையப் பாக்கப் போறமா?"

"ரெண்டையும்தான். பேசாம செருப்பை மாட்டு."

முதல் இரண்டும் சொன்ன இடத்திலேயே இருந்தன. குழாயில் வயிறாரத் தண்ணீர்கூடக் குடித்தார். மூன்றாவதில்தான் வந்தது வினை. கதவில் பெரிய பூட்டு! அவர் முகம் வெளிறிவிட்டது.

"நான்தான் சொன்னேன்ல? வா, வீட்டுக்கே போயிடலாம்."

இன்றைக்குத் திரும்பினால் இவர் ஜென்மத்துக்கும் வெளியே வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். போனைப் பிடுங்கி அந்தப் புள்ளியைத் தட்டினேன். கீழே யாரோ ஒரு புண்ணியவதி எழுதியிருந்தாள்: 'பூட்டியிருந்தால் எதிரே பூக்கடையில் சாவி கேளுங்கள்.'

இந்த இடுப்பை வைத்துக்கொண்டு நான் அப்படி ஓடுவேன் என்று யார் கண்டது! பூக்கடைக்காரி என்னைப் பார்த்ததுமே சாவியை நீட்டினாள்.

"அவசரம்னு முகத்துலயே தெரியுதே. சீக்கிரம் போயிட்டு வாங்க."

"ஐயோ, எனக்கில்லம்மா, அவருக்கு!"

மானம் தப்பியது; மீதிப் புள்ளிகளையும் தாண்டி மகள் வீடு போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்த மகள், அப்பாவைக் கண்டதும் உள்ளே ஓடினாள். குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்தது. அவருக்கும்தான், ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சற்று நேரத்தில் அவர் சட்டை முழுக்க ஈரம். மகள் பதறிப்போய்க் கையை நீட்டினாள். அவர் குழந்தையைக் கொடுக்கவே இல்லை.

"விடும்மா!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தாத்தாவுக்கு இல்லாத தைரியம் எம்பேத்திக்கு இருக்கு!"