கயிறு வேண்டாம் என்று சொன்னேன்

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மாதம், பாளையம்பட்டியில் நடந்தது இது. அன்று இருந்தவர்கள் நான், என் சித்தப்பா, குட்டியானை லோடு வண்டி டிரைவர், மூன்றே பேர். அப்பா இல்லை, கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார். அவர் இருந்திருந்தால் என் பேச்சு எடுபட்டிருக்காது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மிளகாய்ச் செடி வாடத் தொடங்கியிருந்தது. கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீரை இறைப்பதற்காகப் பழைய ஆயில் என்ஜின் ஒன்றை வாங்கி, திருச்சுழி ரோட்டில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றினோம். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து கயிற்றை உருவினார். எனக்கோ அவசரம். ஐந்து மணிக்குத் திருச்சுழியில் டியூஷன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இயற்பியல் பட்டம் வாங்கி, ஒன்பதாவது பத்தாவது பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“கயிறெல்லாம் வேண்டாம்ணே. இருநூறு கிலோ இரும்பு, எங்க போகப்போகுது?” என்றேன்.

“இல்ல தம்பி, அடியில ஆயிலு கசியுது. குறுக்க ஒரு கட்டுப் போட்டுருவோம், அஞ்சு நிமிசம்தான்.”

நான் விடவில்லை. ஓய்வில் இருக்கும் பொருள் வெளிவிசை தாக்காதவரை ஓய்விலேயே இருக்கும், எடை கூடக்கூட அதை அசைப்பது கஷ்டம் என்று வகுப்பில் சொல்வது மாதிரியே ஒப்பித்தேன். சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் அவர் முகம் அப்படி மலர்ந்தது.

“விடுப்பா, படிச்ச புள்ள சொல்லுது. கணக்குப் பாக்காமயா சொல்லும்?” என்றார் டிரைவரிடம். கயிறு சீட்டுக்கு அடிக்கே போய்விட்டது. சித்தப்பா பின்னால் ஏறி, கேபினில் முதுகைச் சாய்த்து, என்ஜின் பக்கமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். நான் முன்னால், டிரைவர் பக்கத்தில்.

திருச்சுழி ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம். குறுக்கே ஒரு ஆட்டு மந்தை வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, என்ஜின் நிற்கவில்லை.

நான் சொன்னது பாதி விதி. இயங்கும் பொருள் இயங்கிக்கொண்டே இருக்கும் என்பது மறுபாதி. சும்மா கிடப்பதுபோல் தெரிந்தாலும் அந்த என்ஜினும் வண்டியின் வேகத்திலேயே வந்துகொண்டிருந்தது. எடை கூடினால் அசைப்பது மட்டுமல்ல, நிறுத்துவதும் கஷ்டம். பஸ்ஸில் பிரேக் போட்டால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

சித்தப்பா கத்தக்கூட இல்லை. “ஏய்யா, காலு” என்றார். அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போது மாமா வந்து டிரைவரைப் பிடித்துக்கொண்டார். லோடு ஏத்துறவனுக்குக் கயிறு கட்டத் தெரியாதா, நீயெல்லாம் ஒரு டிரைவரா என்று வராந்தாவே பார்க்கும்படி பேசினார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகை எண்ணூறு ரூபாயை அவர் கேட்கவில்லை. போகும்போது ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று மாமா கையில் ஐயாயிரம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சித்தப்பாவிடம் அழுதேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“பேசாம இருய்யா. வெளிய தெரிஞ்சா உங்கிட்ட எவன் புள்ளைய அனுப்புவான்?” என்றார். வலியிலும் அவருக்கு என் பிழைப்புதான் கவலை. எனக்கும் அது வசதியாக இருந்தது. ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் வண்டி ஸ்டாண்டு வழியாகப் போனபோது அந்த டிரைவர் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, சித்தப்பா நடக்கிறாரா என்றுதான் முதலில் கேட்டார். நடக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒரு வாரத்தில் பணத்தைப் புரட்டிக்கொண்டு போய்க் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். வாங்கிக்கொண்டார்.

“ரூவாய விடுங்க தம்பி. அதுக்கப்புறம் உங்க ஊருல ஒருத்தரும் என்னையக் கூப்பிடல. எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுங்க” என்றார்.

அன்றைக்கே ஊர் டீக்கடையில் மாமாவையும் நாலு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். மாமா டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். பிறகு, “படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்புனோம்ல, எங்களச் சொல்லணும்” என்றார். டியூஷனில் மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். சித்தப்பா மட்டும் என்னிடம் எப்போதும்போலத்தான் பேசுகிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

டிரைவருக்கு நான் கொடுத்தது ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய். அந்த ஐந்து மாதத்தில் எங்கள் ஊரால் அவருக்குப் போன வாடகை எவ்வளவு என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.