சாக்ஸுக்குள் ஒளித்து வைத்த விரல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் கடைசியில், பெசன்ட் நகர் மாதா கோவில் கொடியேற்றத்தன்று ஆரம்பித்து, மூன்று வாரத்துக்குள் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்பலமான விஷயம் இது. நல்லபடியாக முடிந்தது. இல்லாவிட்டால் இதை உட்கார்ந்து எழுதும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

நான் சாந்தோம் பக்கம் குடியிருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் பரீட்சை ஹாலில் ஒரு பெண்ணும் பிட் அடிக்க முடியாது என்பதில் எனக்கு அசாத்தியக் கர்வம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவளே நான்தான்.

ஓய்வு பெற்ற மறு வருடம் இடது கால் கெண்டைச் சதையில் வலி வந்தது. உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. மூன்று நிமிடம் நடந்தால் யாரோ உள்ளேயிருந்து பிழிவது போல இருக்கும். நின்றால் போய்விடும். மாட வீதியில் நடக்கும்போது வலி வந்ததும் ஏதாவது ஒரு வளையல் கடை முன்னால் நின்று வேடிக்கை பார்ப்பது போலப் பாவனை செய்வேன். என் கணவர், பாவம், இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “வேணும்னா வாங்கிக்கயேன், எதுக்கு ஒவ்வொரு கடையா நின்னு ஏங்குற?” என்று கேட்டார். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன்.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு என்றார்கள். கூடவே பதினைந்து வருடச் சர்க்கரை. இதயத்தில் அடைப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும், காலில் வருமென்று எனக்குத் தெரியாது. இந்த அடைப்புக்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி நடப்பதாகவும், விருப்பமிருந்தால் அதில் சேரலாம் என்றும் டாக்டர் சொன்னார். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. விடைத்தாளில் பெயரை மறைத்துவிட்டுத் திருத்துகிற மாதிரிதானே. ஒப்புதல் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டேன். ‘காலில் புண் உள்ளவர்கள் ஆய்வில் சேர இயலாது’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் என்னைப் படுத்தி எடுக்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

மாதம் ஒரு தடவை போக வேண்டும். வராந்தாவில் இரண்டு முனையிலும் நாற்காலி போட்டு, ஆறு நிமிடம் நடக்கச் சொல்வார்கள். எத்தனை சுற்று வருகிறோம், எப்போது வலி வருகிறது, எங்கே நிற்கிறோம் என்று ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு பெண் குறித்துக்கொள்வாள். ஆராய்ச்சியை ஒருங்கிணைக்கிற வேலை அவளுக்கு. ஊரூர் குப்பத்துப் பெண், அம்மா மீன் விற்கிறவர். இருபத்தெட்டு வயதிருக்கும். டாக்டர்களிடம் அச்சடித்தாற்போல் பேசுவாள், என்னிடம் மட்டும் குப்பத்துத் தமிழ் தாராளமாக வரும். இது தவிர வீட்டில் எழுத ஒரு டைரி கொடுத்திருந்தார்கள். நடக்கும்போது வலி வந்ததா, காலில் புதிதாகக் காயம் உண்டா என்று தினமும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எழுத வேண்டும்.

நான் பரீட்சை என்றால் பரீட்சையாகவே எடுத்துக்கொள்கிற ஜென்மம். போன மாதத்தைவிட ஒரு சுற்றாவது அதிகம் வர வேண்டும் என்று வீட்டுக் கூடத்தில் நடந்து பழகினேன். எனக்கு வந்திருப்பது நிஜ மாத்திரைதான் என்று நானே முடிவும் கட்டிக்கொண்டேன். இருந்தும் மூன்றாவது நிமிடத்துக்கு மேல் தாண்ட முடியவில்லை. மாத்திரை கொஞ்சம், மாதா கொஞ்சம் என்று கொடியேற்றத்துக்கு வெறுங்காலில் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டேன். வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்று அந்தப் பெண் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் நேர்த்திக்கடனுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போக முடியுமா?

முழுத் தூரமும் என்னால் ஆகாது என்பதால் அடையாறு வரை ஆட்டோ, அங்கிருந்து நடை என்று மாதாவிடம் ஒரு சமரசம் பேசிக்கொண்டேன். செருப்பைப் பைக்குள் போட்டுவிட்டுக் காவி உடுத்திய கூட்டத்தோடு நடந்தேன். வெயில் தாழ்ந்தும் தார் ரோடு சுட்டது. வலி வந்தால் நிற்பது, ஜெபமாலையில் பத்து மணி உருட்டுவது, மறுபடி நடப்பது. கோவில் வாசலை அடைந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போதுதான் கவனித்தேன். இடது கால் சுண்டு விரல் நுனியில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. சர்க்கரையால் பாதம் பாதி மரத்துப்போயிருந்ததில் நடந்த அன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் வைத்தேன். ஆறவில்லை. ஒரு வாரத்தில் நகத்தோரம் கருத்தது, வலியும் ஆரம்பித்தது. அந்தப் படிவத்து வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. புண் என்று தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், அதோடு மாத்திரையும் போச்சு. கணவரிடம் மூச்சுவிடவில்லை. வீட்டிலும் சாக்ஸ் போட்டுக்கொண்டேன். “இந்தப் புழுக்கத்துல எதுக்குடி சாக்ஸ்?” என்றார். செருப்பு கடிக்கிறது என்றேன். டைரியில் காயம் என்ற கட்டத்தில் பதினாறு நாளும் ‘இல்லை’ என்று என் முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

செப்டம்பர் நடைப் பரீட்சைக்குப் போகும் முன் ஒரு வலி மாத்திரையை விழுங்கினேன். அன்று நிற்பதே இல்லை என்று வைராக்கியம். கெண்டைச் சதை உயிர் போகிற மாதிரி வலித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆறு நிமிடமும் நிற்காமல் நடந்து முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கவும் செய்தேன்.

அந்தப் பெண் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னா டீச்சர், வலியே இல்லியா?”

“இல்லம்மா. மருந்து வேலை செய்யுது.”

“ஒண்ணு கேக்குறேன். உங்க கிளாஸ்ல எப்பவும் முப்பது மார்க் எடுக்குற பொண்ணு திடீர்னு நூறு எடுத்தா இன்னா பண்ணுவீங்க?”

பழக்க தோஷம், யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். “பேப்பரை இன்னொரு வாட்டி பார்ப்பேன்.”

“அப்போ சாக்ஸைக் கழட்டுங்க.”

எதையோ சொல்லி மழுப்பப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவளே கழற்றினாள். விரலைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது.

“எத்தினி நாளா?”

சொன்னேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தணிந்த குரலில்தான் பேசினாள். “எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் டீச்சர், இத்தினூண்டு கருப்பு. மீன் முள்ளு குத்திச்சுனு ரெண்டு வாரம் வெச்சிக்கினு இருந்தாரு. இப்போ ஒரு காலுதான் கீது. அதைப் பார்த்துட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.”

அதுவரை நான் மாத்திரை போய்விடுமே என்றுதான் பயந்திருந்தேன். கால் போகலாம் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. கணக்கு டீச்சராம், கணக்கு!

டாக்டர் ஓடி வந்தார். “ஏம்மா மறைச்சீங்க?” என்றார். படிவத்தில் இருந்த வரியை ஒப்பித்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அது சேர்றதுக்கு முன்னாடி பார்க்கிற விதிம்மா. சேர்ந்தப்புறம் புண்ணு வந்தா முதல்ல எங்ககிட்டதான் சொல்லணும். அதுக்குத்தானே டைரியே.” ஒரு வரி விடாமல் படித்த நான், அந்த வரியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சந்தேகம் வந்தபோது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வகுப்பில் சந்தேகம் கேட்காத பிள்ளைகளை எவ்வளவு திட்டியிருப்பேன்.

அன்றைக்கே படுக்க வைத்துவிட்டார்கள். அடைப்பு முற்றியிருக்கிறது, பலூன் வைத்துத் திறந்து பார்ப்போம், திறந்தால் விரல் பிழைக்கும், இல்லாவிட்டால் எங்கே வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். தகவல் தெரிந்து என் கணவர் வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். “சில்லுனு இருக்குடி” என்று மட்டும் சொன்னார். முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தொடை வழியாக ஏதோ செலுத்தினார்கள், நான் விழித்துக்கொண்டேதான் இருந்தேன். முடிந்ததும் டாக்டர் பாதத்தின் மேல் கொஞ்சம் பசை தடவி, பேனா போன்ற ஒரு கருவியை வைத்தார். ரத்தம் ஓடினால் அதில் சத்தம் கேட்கும். நான் சேர்ந்த அன்று இதே கருவியை வைத்தபோது இடது காலில் ஏதோ முனகல்தான் கேட்டது. இப்போது சர் சர்ரென்று வந்தது, நாலு நாள் வராத மெட்ரோ வாட்டர் குழாயில் வந்தாற்போல. தலைமாட்டில் நின்ற அந்தப் பெண், “வந்துடுச்சு டீச்சர், வந்துடுச்சு” என்று என் தோளை உலுக்கினாள். நான் வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். மதியம் என் கணவர் மறுபடி பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சூடு வந்துடுச்சு” என்று வார்டில் இருந்த எல்லோரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நகத்தோரத் தோல் கருகி உரிந்து விழுந்தது. ஆறிப்போக இரண்டு மாதத்துக்கு மேலானது. ஆனால் விரல் தப்பித்தது, கால் தப்பித்தது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளன்று அவள் அந்த டைரியோடு வந்தாள். எனக்கு அதைப் பார்க்கவே கூசியது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு வேறே எழுதித் தருகிறேன் என்றேன். வொயிட்னர் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன்.

“கிழிக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது டீச்சர். மேல ஒரே ஒரு கோடு. கீழ இருக்குறது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல நெசத்தை எழுதி, இன்னிக்கித் தேதி, கையெழுத்து. அதான் எங்க ரூல்.”

“பொய்யும் அப்படியே இருக்கணுமா?”

“இருக்கணும். நீங்க பொய் எழுதியிருந்தது யாருக்கும் தெரியாமலே போயிருந்தா, இந்த மாத்திரையை நம்பி நாளைக்கு இன்னொருத்தர் காலு போயிருக்கும்.”

பதினாறு ‘இல்லை’ மேலும் பதினாறு கோடு போட்டு, பதினாறு தடவை ‘ஆம்’ எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் பக்கத்தில் நின்று, பரீட்சை ஹாலில் நான் நிற்பேனே அந்த மாதிரி, ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். வலி மாத்திரையையும் எழுத வைத்தாள்.

என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை. அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு, ஆய்வு முடியும் வரை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். நான் சாப்பிட்டது நிஜ மாத்திரையா வெறும் மாத்திரையா என்று இன்னும் சொல்லவில்லை, நானும் அவசரப்படவில்லை. இப்போது கொடியேற்றத்துக்கு மெத்தென்ற செருப்போடுதான் போகிறேன். மாதா ஒன்றும் சொல்லவில்லை. வழியில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனால் அவளுடைய முதல் கேள்வி, “பத்து விரலும் கீதா, டீச்சர்?” என்பதுதான். கீதும்மா என்று நானும் அவள் பாஷையிலேயே சொல்வேன்.

அந்தப் பதினாறு கோடுகளும், அவற்றுக்கு அடியில் நான் எழுதிய பொய்யும், யார் எடுத்துப் பார்த்தாலும் படிக்கும்படி அந்த டைரியில் இன்னும் இருக்கின்றன. நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தினமும் காலையில் செருப்பு மாட்டும் முன் குனிந்து பத்து விரலையும் எண்ணி முடிக்கும்போது அந்த வெட்கத்தைவிட நிம்மதிதான் எனக்குப் பெரிதாக இருக்கிறது.