தங்கை வீட்டுக் கறிவேப்பிலை டிரம்

எங்கள் தெருவில் விசா வந்த செய்தியை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு என் கேட்டுக்கு வந்து நிற்பார்கள். செடியை மண்ணோடு விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் அல்லவா! "அக்கா, கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்துங்க" என்பார்கள். எங்கள் தீவில் நடந்த முதல் ஆட்சிக் கவிழ்ப்பின்போது ஒன்றிரண்டு குடும்பங்கள்தான் கிளம்பின. அடுத்ததற்குப் பிறகு என் வாசலில் இடம் கொள்ளவில்லை. பெயின்ட் டின்னில் துளசி, உடைந்த வாளியில் மல்லிகை, பால்பவுடர் டப்பாவில் பச்சை மிளகாய். எங்கள் வோட்டுவாலே விமான நிலையத்தை ஒட்டிய ஊர், விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் ஏறும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்துத் திட்டுவேன். போறவங்களுக்கு என்ன, குனிஞ்சு நிமிர்றது நான்தானே!

விசா கேட்க எங்களுக்கு வயது கடந்துவிட்டது, கூப்பிட்டுக்கொள்ள வெளிநாட்டில் பிள்ளைகளும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் என் தங்கை இருந்தாள். தெரு முழுக்க ஹிந்திதான்; என் வீட்டுக்காரருக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் அதுதான் வரும். அவள் பிள்ளைகளும் என்னைப் பெரியம்மா என்னாமல் "மௌசி" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் அம்மா பேசிய தமிழைப் பேச எனக்கு மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

அவள் வீட்டுப் படிக்கட்டோரம் ஒரு பழைய எண்ணெய் டிரம்மில் கறிவேப்பிலை மரமாகவே வளர்ந்து நின்றது. அதை அசைக்க நாலு ஆள் வேண்டும். அது அங்கே நிற்கிறவரை இவள் போகமாட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால், தங்கை வீட்டுக்காரர் இரண்டு ஆட்களோடு கடப்பாரை வைத்து டிரம்மை நெம்பிக்கொண்டிருந்தார். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, வேர் தரைக்குள் இறங்கியிருந்தது. மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். அவர் கரும்பு வெட்டுகிற கத்தியை எடுத்தார்.

"ஐயோ தம்பி, வெட்டாதீங்க!"

"வேற வழி இல்ல அண்ணி. உங்க வீட்டுக்குத்தான் கொண்டாரோம்."

தங்கை படியை விட்டு இறங்கவேயில்லை. "எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா" என்றாள்.

"டிரம்ம உருட்டிவிட்டுத்தான் சொல்லுவியாடி? வாய் எங்க போச்சு?"

"பிள்ளைங்களுக்கு இங்க என்னக்கா இருக்கு? நீயே சொல்லு."

நான் இருக்கேனே என்று தொண்டைவரை வந்தது. அதைக் கேட்டு விசாவைக் கிழித்துப் போடவா போகிறாள்? டிரம்முக்கு என் வாசலில் இடம் ஒதுக்கப் போனேன்.

அவர்கள் ஆக்லாந்துக்குப் போன கொஞ்ச நாளில் இலையெல்லாம் கொட்டிப்போனது. புளித்த மோர் ஊற்றினேன், அரிசி கழுவின தண்ணி ஊற்றினேன். ஒடித்துப் பார்த்தால் குச்சி உள்ளே காய்ந்திருந்தது. பாழாய்ப்போன மரம், அடுத்தவர் செடியெல்லாம் தழைக்கிற வாசலில் இது மட்டும் செத்தது.

ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம், அவர் வெட்டின இடத்தில், தரையில் விட்டுப்போன வேரிலிருந்து குருத்து வந்தது. அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பையன் புல் வெட்டுகிற மெஷினை ஓட்டி அதைப் புல்லோடு புல்லாகச் சீவிவிட்டான். வேலியைப் பிடித்துக்கொண்டு ஹிந்தியில் கத்தினேன். "சாரி ஆன்ட்டி" என்றான், நல்ல பையன்தான். மறுபடி வந்தது. மறுபடி சீவினான். அவன் குடியிருக்கிற வீடு, நான் என்ன செய்ய முடியும்?

போன வாரம் தங்கை டெலிபோன் செய்தாள். "அக்கா, கருவேப்பிலை துளிர்த்துச்சா?"

"துளிர்த்துச்சு" என்றேன். பொய்யில்லை. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

"அப்பாடா! நான் வந்ததும் அதுல பறிச்சுத்தான் ரசம் வைக்கணும்."

வேலிக்கு அப்பால் மெஷின் உறுமத் தொடங்கியது.

"என்னக்கா அது சத்தம்?"

"பிளேன்டி" என்றேன். "நீ பேசு. நிறுத்தாத, பேசிக்கிட்டே இரு."