வெல்லம் கரையாத அமாவாசை

எனக்கு எட்டு வயதிருக்கும். நாங்கள் கடம்பத்தூரில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, திருவாலங்காட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அமாவாசை தவறாமல் காலை ரயில் வண்டியில் வருவாள். புகையெல்லாம் கலைந்ததும் ஜன்னலில் ஒரு கை மட்டும் தெரியும். அந்தக் கையைப் பார்த்துத்தான் அம்மாவும் நானும் அந்தப் பெட்டியில் ஏறுவோம். மூன்று பேருமாகத் திருவள்ளூர் போய் வீரராகவப் பெருமாளைச் சேவித்து, குளத்தில் வெல்லம் கரைப்போம்.

நோய்நொடி உள்ளவர்கள் அங்கே வெல்லம் போடுவது வழக்கம். வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும். மரு, படை, தீராத வயிற்றுவலி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. சித்திக்கு இருந்தது கையில் நீலம். முழங்கைக்குக் கீழே ஆள்காட்டி விரல் அகலத்துக்குக் கன்றிப்போய் இருக்கும். அது ஒரு தோல் வியாதி என்று நானே தீர்மானித்திருந்தேன். அம்மாவிடம் கேட்டபோது, கதவு இடித்துக்கொண்டது, பேசாமல் வா என்றாள். ஒரே கதவு மாதாமாதம் இடிக்குமா என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த அமாவாசையன்று கூட்டம் அதிகம். குளத்துத் தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. கரைந்த வெல்லமெல்லாம் செந்நிறப் புகைபோல உள்ளே இழை இழையாக இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கக் கண் சொக்கியது. பெருமாள் தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு அதையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி கடைசிப் படியில் உட்கார்ந்து துணி முடிச்சை அவிழ்த்தாள். வளையல் மேலே ஏறியது. நீலம் வலக்கையில் இருந்தது. போன மாதம் அது இடக்கையில் அல்லவா இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"சித்தி, வெல்லம் வேலை செய்யுது. அந்தக் கையில போயிட்டுது பாரு. இந்தக் கைக்கு வந்துகினு இருக்குது."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். சித்தி மட்டும் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெல்லத்தைப் படியில் தட்டி உடைத்தாள். ஒரு துண்டை என் வாயில் போட்டாள். ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அம்மா பதறிப்போனாள். "இன்னாடீ பண்ற, சாமிக்கு நேந்தது."

"ஏழு வருசமா கரைக்கிறேன்க்கா. பெருமாளு எப்பவோ பதில் சொல்லிட்டாரு. எனக்குத்தான் இன்னிக்குக் காதுல உழுந்தது."

 கோயிலிலிருந்து திரும்பி வண்டி ஏறினோம். கடம்பத்தூர் வந்தது. வழக்கமாக நாங்கள் இறங்குவோம், சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து திருவாலங்காட்டுக்குப் போவாள். அன்று எங்கள் பின்னாலேயே அவளும் இறங்கி நின்றாள்.

ஏறு, வண்டி கிளம்பிவிடும் என்று அம்மா அவளைத் தள்ளாத குறையாகச் சொன்னாள். சித்தி அசையவில்லை. வண்டி ஊதியது.

"சாயங்காலம் மாமா ஊட்டுக்கு வந்து கேட்டா நான் இன்னாடீ சொல்றது?"

"வந்துட்டாள்னு சொல்லுக்கா."

வண்டி போய்விட்டது. அதன் புகை எங்கள் மூவரையும் ஒரு கணம் மூடித் திறந்தது. அம்மா சித்தியின் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

ஸ்டேஷன் வாசலில் சீட்டு வாங்குகிறவர் சித்தியின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, திருவாலங்காட்டுக்கு எடுத்துட்டு இங்க வர்றே. தூக்கத்துல எறங்கிட்டியா?"

"இல்ல நைனா. முழிச்சிக்கினுதான் எறங்கினேன்."

எனக்கு மனசே ஆறவில்லை. அவ்வளவு தூரத்துக்குச் சீட்டு இருக்கும்போது பாதியில் இறங்குவார்களா? சாயங்காலம் அப்பா வந்ததும், யாரும் வாய் திறப்பதற்குள் நான் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். சித்தி சீட்டை வீணாக்கிவிட்டாள் என்று.

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பலப்பம் உடைந்தாலே கோபித்துக்கொள்ளும் அப்பா, செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார். கதவோரம் தலை குனிந்து நின்ற சித்தியைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார்.

"போனா போவுது, உடு. சித்தி சாப்ட்டாளா?"

உள்ளே அம்மா அழுவது கேட்டது. சித்தியும் சுவரில் சாய்ந்து அழுதாள். எனக்கு ஒரே குழப்பம். வீணாக்கியதற்கு அப்பா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பிறகு எதற்காக இரண்டு பேரும் இப்படி அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.