பெட்டிக்குக் காட்டிய மரியாதை

என் ஓரகத்தி வாயைத் திறந்தால் தெருக்கோடிவரை கேட்கும். எங்கள் வீட்டுக்குக் கீழேயே சலவைக் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் புயல். நான் அக்கா என்பேன், பாதி பாசம், பாதி பயம்.

அந்தப் புயலுக்குச் சில மாதங்களாகத் தாடையில் வலி. ஈரத்துணி மூட்டையைத் தூக்கினால் போதும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மூச்சும் வாங்கும். "பல் நல்லாத்தாம்மா இருக்கு" என்று பல் டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "வலி உங்களுக்கா எனக்கா?" என்று மடக்கி, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வைத்துவிட்டுத்தான் வந்தாள். பல் போனது, வலி போகவில்லை.

மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி, வெள்ளைக் கோட்டுகளை எங்கள் கடையில்தான் போடுவாள். அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, பொம்பளைங்களுக்கு இதயக் கோளாறு சில நேரம் தாடையிலயும் வலியா வரும். எங்க ஆராய்ச்சியே அதைப் பத்தித்தான். முன்னெல்லாம் பெரும்பாலும் ஆம்பளைங்களை வச்சுத்தான் பாத்தாங்க. வாங்க, ஒரு பெட்டி மாட்டிவிடறேன். ஒருநாள் பூரா உங்க இதயத்துடிப்பைப் பதிவு பண்ணும். நீங்க எப்பவும்போல இருந்தாப் போதும்."

இதயம் என்று கேட்டதுமே நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா அசரவில்லை. நெஞ்சில் ஒயர்களும் இடுப்பில் பெட்டியுமாக வந்து கட்டிலில் சாய்ந்தவள், அன்று கடைப்பக்கம் போகவில்லை. படி இறங்கவில்லை. அவள் வீட்டுக்காரர் உப்பில்லாமல் சமைத்ததைக்கூடத் திட்டாமல் சாப்பிட்டாள்.

மறுநாள் நர்ஸ் பதிவைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சுத்தமா இருக்கே" என்று யோசித்தாள். "நேத்து என்னென்ன வேலை பண்ணீங்க?"

"ஒரு துரும்பைக்கூட நகர்த்தலையே!" அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஆராய்ச்சிக்காரங்க முன்னாடி நம்ம மானம் போகக் கூடாதில்ல?"

நர்ஸ் தலையில் கைவைத்துச் சிரித்தாள். "வர்றவங்க பாதிப் பேர் இதையேதான் பண்றீங்க!" பெட்டியை மறுபடி மாட்டினாள். "இன்னைக்கு உங்க வேலையைப் பாருங்க. வலி வந்தா உடனே உட்கார்ந்துடணும்." என் பக்கம் திரும்பி, "நீங்க கூடவே இருங்க" என்றாள்.

அக்கா மூட்டை தூக்கினாள். கறை போகவில்லை என்று வந்த ஒருவரோடு மல்லுக்கு நின்றாள். பாதிச் சண்டையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டி அதை அப்படியே பதிவு செய்துகொண்டது. அடுத்து எடுத்த சோதனைகளில் விஷயம் வெளியே வந்தது. இதயத்தின் பெரிய குழாய்களில் அடைப்பில்லை, நுண்ணிய குழாய்கள்தான் சரியாக விரியவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், தினமும் நடக்கச் சொன்னார்கள். அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன். முதல் நாள் பதிவை நம்பி அனுப்பியிருந்தால் என் அக்கா என்ன ஆகியிருப்பாள்?

சில மாதம் கழித்துப் பொய்ப்பல் கட்ட அவளோடு போனேன். பல் டாக்டர் இருப்பது மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. "நல்ல பல்லைப் பிடுங்கத் தெரியுது, ஒரு லிஃப்டை ஓட்டத் துப்பில்ல" என்று முதல் படியில் ஆரம்பித்தவள், வாயை மூடாமல் ஏறிக்கொண்டே போனாள். கை ஒருமுறைகூடக் கன்னத்துக்குப் போகவில்லை. அந்தத் திட்டு என் காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. நான்தான் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, மூச்சு வாங்குது? நாளைக்கே உனக்குப் பெட்டி மாட்டறோம். படுத்துக் கிடந்து ஏமாத்தினே, கொன்னுடுவேன்!"